குடைத்துணியை எடுத்த நாள்

நம் ஆய்வகத்தின் முன்னறையில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அமைச்சர் கையில் ஒரு சின்ன வட்டத் தட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு வலப்பக்கம் அன்றைய டைரக்டர், வாயெல்லாம் பல். இடப்பக்கம் பொன்னாடை போர்த்திய, வைப்பின் தீவுக்காரப் பெண்மணி ஒருவர். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை முதல் நாளே அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி, இதுதான் நம் நிறுவனத்தின் பெருமை என்று சொல்வது இப்போது வழக்கமாம். உங்களையும் நிறுத்தியிருப்பார்கள். நான் ஓய்வு பெற்றாயிற்று, இனி எனக்கு யாருடைய தயவும் தேவையில்லை. அந்தப் படத்தில் இருப்பது என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம், தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற மற்ற விஷயங்களில் என்னிடம் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள்.

நான் சேர்ந்த காலத்தில் ஆய்வகம் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் சுவரிலிருந்து சுக்கு நெடி போகாது. கீழே மூட்டை இறக்கும் சத்தம், மேலே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குருத்து நறுக்குவோம். விதை வைக்காத பயிர்களை, கிழங்கையோ தண்டையோ நட்டுத்தான் வளர்க்க முடியும் என்கிற பயிர்களை, காலாகாலத்துக்கும் அழியாமல் வைத்திருப்பது எங்கள் வேலை. கடுகைவிடச் சின்னதான ஒரு குருத்து நுனியை எடுத்து, பதப்படுத்தி, திரவ நைட்ரஜன் டாங்கில் உறைய வைத்துவிட்டால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கிடக்கும். செய்முறை உங்களுக்குப் பாடமாக இருக்கும், அதை நான் சொல்லப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது உறைந்ததைத் திரும்ப எழுப்புவதைப் பற்றி. குளிர்தான் கொல்லும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் கையில் குளிரில் செத்ததைவிட, குளிரிலிருந்து வெளியே வந்த பிறகு செத்ததே அதிகம். உறைந்து எழுந்த திசுவுக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனே எதிரியாகிவிடுகிறது. நல்ல உடம்பாக இருந்தால் அந்த ஆக்சிஜனின் உக்கிரத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும். அடிபட்டு எழுந்ததற்கு அந்தச் சக்தி கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். அந்த நேரத்தில் வெளிச்சமும் பட்டுவிட்டால் கருகல் பல மடங்காகும். ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. முதல் சில நாள் பச்சையாகத்தான் இருக்கும். பச்சையாக இருந்துகொண்டே செத்துக்கொண்டிருக்கும்.

அதனால் எழுப்பிய குருத்துகளை இருட்டில் வைக்க வேண்டும். எங்கள் இருட்டு அலமாரிக்குக் கதவு சரியாக மூடாது. புதுக் கதவுக்கு எழுதிப்போட்டு அலுத்துப்போய், பஜாரில் குடை தைப்பவரிடம் நல்ல அடர்த்தியான கருப்புத் துணி வாங்கி நானே திரை தைத்துப் போட்டேன். மழைக்குத் தாங்கும் துணி வெளிச்சத்துக்கும் தாங்கியது. எழுப்பிய தட்டுகளின் மேல் அந்தக் குடைத்துணி கிடந்தால் யாரும் தொடக்கூடாது என்பது எங்களுக்குள் ஒரு சட்டம். கூட்டுகிற அம்மா முதல் கண்ணாடி துடைக்க வருகிறவர் வரை எல்லாரும் அந்தச் சட்டத்தை மதித்தார்கள், டைரக்டரைத் தவிர.

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் படித்தவர். ஆனால் அவருக்குப் பார்வையாளர்கள் பைத்தியம். யாராவது பெரிய மனிதர் வந்தால் முதலில் டாங்கைத் திறக்கச் சொல்வார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும், வந்தவர் கைபேசியில் படம் எடுப்பார், டைரக்டர் பூரித்துப் போவார். ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும் மேல் அடுக்கில் இருப்பவை சூடேறுகின்றன என்று நான் சொன்னால், “ரெண்டு நிமிஷத்துல என்ன ஆயிடும் லலிதா” என்பார். புகை காட்டுவதற்குத்தானே என்னை வேலைக்கு எடுத்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். அதை அவர் தமாஷாக எடுத்துக்கொண்டார். நான் தமாஷாகக் கேட்கவில்லை.

இனி அந்தப் பெண்மணி. அவர் பெயர் திரேசியா. வைப்பினில் கெட்டு என்கிற, வரப்புக் கட்டி இறால் வளர்க்கும் குளம் ஒன்றின் கரையில் வீடு. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மகனுக்கு ஏலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. மகன், மருமகள், கல்யாணமாகாத மகள், திரேசியா சேச்சி என்று எல்லாரும் ஒரே அறையில் படுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தாழ்வாக ஒரு துண்டு நிலம். வேலியேற்றத்தில், அதாவது கடல் பொங்கும் நேரத்தில், உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் இடம். அதில்தான் ஓருச்சேம்பு என்கிற சேப்பங்கிழங்கு வகை இருந்தது. ஓரு என்றால் அங்கே உப்பேறிய தண்ணீர். மற்ற சேம்பெல்லாம் ஓரு பட்டால் அழுகிவிடும், இது மட்டும் அதில் நின்று இலை விடும். ஒரு காலத்தில் தீவு முழுக்க இருந்ததாகச் சொன்னார்கள். நாங்கள் தேடிப் போனபோது அந்தத் துண்டு நிலத்தில் மட்டும்தான் பார்த்தோம்.

அந்த நிலத்தில் மண் கொட்டி மேடாக்கி, மகனுக்கு ஓர் அறை கட்ட வேண்டும் என்பது திரேசியா சேச்சியின் திட்டம். சேம்பின் மேல் அவருக்குத் தனிப் பாசமெல்லாம் கிடையாது. “தின்னாத் தொண்டை சொறியும் மோளே, நாங்க பன்னிக்குப் போடுவோம்” என்றார். உப்பு தாங்கும் பயிர் இனிமேல் எவ்வளவு முக்கியம் என்று நாங்கள் விளக்கியபோது மரியாதைக்குத் தலையாட்டினார். பிறகு கேட்டது ஒன்றுதான்: எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

கிழங்கைக் கொண்டுபோய் எங்கள் பண்ணையில் நட்டோம். அந்த மழைக்காலத்தில் இலைக்கருகல் நோய் வந்து எல்லாம் போயிற்று. இரண்டாம் தடவையும் போயிற்று. அவர் நிலத்திலும் பாதிக்கு நோய் இறங்கிவிட்டது. சுத்தமான தூர்களிலிருந்து குருத்து எடுத்து உறைய வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எடுத்து வைத்தோம். ஆனால் உறைந்து கிடப்பது எழும் என்று தெரிகிற வரை அந்த நிலத்தைத் தூர்க்கக் கூடாது. எழாவிட்டால் திரும்ப எடுக்க வேறு இடமில்லை. இதையெல்லாம் நான் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னேன். அவரும் கொடுத்த வாக்குப்படி பொறுத்தார். ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்தது. அதற்குள் மருமகள் மாசமானாள். மகன் தாயிடம் தினமும் சண்டை போட்டான். பன்னிக்குப் போடும் சேம்புக்காக எங்களை ஒரே அறையில் நெருக்கியடிக்க வைக்கிறாயா என்று கேட்டானாம். அவன் கேட்டதில் என்ன தப்பு?

ஆகவே டாங்கிலிருந்து ஒரு தொகுதியை எழுப்பிப் பார்ப்பது என்று முடிவானது. எழுப்பினோம். தட்டுகளை அலமாரியில் அடுக்கிக் குடைத்துணியை இழுத்து விட்டேன். அப்போதுதான் டைரக்டர் வந்து, புதுக் கட்டடப் பிரிவைத் திறக்க அமைச்சர் வருகிறார், அதே மேடையில் ஓருச்சேம்பு காப்பாற்றப்பட்டதையும் அறிவிக்கப் போகிறோம் என்றார். எழுந்ததா இல்லையா என்று தெரிய இலை விரிய வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றேன். பச்சையாகத்தானே இருக்கிறது என்றார். அது மட்டுமல்ல, திரேசியா சேச்சிக்கு ஆள் அனுப்பி, இனி நிலத்தைத் தூர்த்துக்கொள்ளலாம், பொன்னாடை வாங்க வாருங்கள் என்றும் சொல்லிவிட்டிருந்தார். என்னைக் கேட்கவில்லை. விழாவுக்கு மறுநாள் வருவதற்கு அந்தம்மாள் மண் கொட்டும் டிப்பர் லாரிக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

விழா நாளன்று நல்ல மழை. அமைச்சர் வருவதற்கு முன் போலீஸ் வந்து கட்டடம் முழுக்கச் சோதனை போட்டார்கள். கேரளத்தில் அமைச்சர் விழா என்றால் கருப்பாக எதுவும் கண்ணில் படக்கூடாது, தெரியுமல்லவா? யாராவது எடுத்து வீசிக் கருப்புக் கொடி காட்டிவிடுவார்களாம். வாசலில் வந்தவர்களின் கருப்புக் குடைகளையெல்லாம் வாங்கி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். மாடிக்கு வந்த போலீஸ்காரர் நேரே என் அலமாரிக்குப் போய்க் குடைத்துணியைப் பிடித்தார்.

“இது எடுக்கணும் சேச்சி. கருப்பு ஒண்ணும் பாடில்லன்னு மேலேருந்து ஓர்டர்.”

வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று சொன்னேன். சேம்பை வைத்து யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் துணியைக் கழற்றாமல் அவரால் போக முடியாது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனிதர், பழுப்புக் காகிதம் ஏதாவது வைத்து மூடிக்கொள்ளுங்களேன் என்று யோசனைகூடச் சொன்னார். காகிதம் எதற்கு, ஆய்வகத்தில் அலுமினியத் தாள் சுருள் சுருளாக இருந்தது. ஒரு நிமிட வேலை. நான் சுருளை எடுக்கப் போனேன்.

அப்போது டைரக்டர் உள்ளே வந்தார். துணி இல்லாத அலமாரியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று, தட்டுகளை எல்லாம் முன்னறைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். அங்கே கண்ணாடி மேசையும் அதன் மேல் வரிசையாக விளக்குகளும் தயாராக இருந்தன. நுண்ணோக்கியோடு ஒரு பெரிய டிவியை இணைத்து, குருத்து நுனி உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாகத் தெரிகிறபடி ஏற்பாடு. நான் முடியாது என்றேன்.

“அமைச்சர் இவ்வளவு தூரம் வந்து மூடின அலமாரியைப் பார்த்துட்டுப் போகணுமா?” என்றார்.

இது எழுந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் இருட்டில் வைத்திருக்கிறோம், வெளிச்சத்தில் வைத்தால் நாமே கொன்றுவிட்டு எழவில்லை என்று எழுத வேண்டிவரும் என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அவ்வளவு குரலை உயர்த்தியதில்லை. ஒரு முற்பகல் நேரத்தில் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துவர இரண்டு பேரை அனுப்பினார். உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்காகவே ஒன்றைக் கொல்கிறார்களே, இந்த முட்டாள்தனத்தை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அந்த இரண்டு பேர் வருவதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. அன்று என் சாப்பாடு பெரிய அடுக்கு டிபன் கேரியரில் வந்திருந்தது, கப்பைக்கிழங்கும் மீன்கறியும். இரண்டையும் ஒரு பாத்திரத்தில் கொட்டினேன். அடுக்குகளைக் கழுவித் துடைத்தேன். நாங்கள் பயன்படுத்தியது சின்ன அளவுத் தட்டுகள், ஓரமெல்லாம் ஒட்டி மூடியவை. பாதித் தட்டுகளை அடுக்குக்கு இத்தனை என்று உள்ளே வைத்து, மூடி, கொக்கியை மாட்டினேன். எஃகைத் தாண்டி எந்த வெளிச்சம் வரும்? போலீஸ்காரர் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மேசைக்குக் கீழே இருந்த கேரியரைக் குனிந்து பார்த்துவிட்டு, “இது கருப்பில்ல, எனக்குப் பிரச்சினையில்ல” என்று சொல்லிப் போய்விட்டார்.

மீதிப் பாதி முன்னறைக்குப் போயிற்று, எத்தனை தட்டு என்று யாரும் எண்ணவில்லை. விளக்குகளுக்குக் கீழே அழகாகத்தான் இருந்தது. அமைச்சர் வந்தார், டாங்கைத் திறந்து புகை காட்டினார்கள், டிவியில் பச்சையைக் காட்டினார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். மேடையில் டைரக்டர், அழிவின் விளிம்பிலிருந்து ஓருச்சேம்பை மீட்டுவிட்டோம் என்று அறிவித்தார். திரேசியா சேச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குடையை வாசலில் பிடுங்கிக்கொண்டதால் அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, பொன்னாடையின் சரிகை நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

பிறகு எல்லாரையும் படம் எடுக்க முன்னறைக்கு அழைத்து வந்தார்கள். திரேசியா சேச்சி கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். அமைச்சர், டைரக்டர், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, அவர் யாரையும் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

“மோளே, நாளைக்கு மண்ணு வருது. இதுக்கு ஜீவன் உண்டோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு.”

டைரக்டர் குறுக்கிட்டு, பச்சையாக இருப்பதைக் கண்ணால் பார்க்கிறீர்களே சேச்சி என்று சிரித்தார். அந்தம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். திறக்காவிட்டால் நாளைக்குச் செம்மண் லாரி வந்து நிற்கும். அதற்கப்புறம் கேட்க ஆளும் இருக்காது, எடுக்க இடமும் இருக்காது.

“பச்சை இருக்கு சேச்சி. ஜீவன் இருக்கான்னு இப்போ எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மண்ணு இறக்க வேண்டாம்.”

அமைச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டைரக்டர் சமாளித்துக்கொண்டு, எங்கள் விஞ்ஞானிகளுக்கு எச்சரிக்கை அதிகம் என்று ஏதோ சொல்லி, ஒரு தட்டை எடுத்து அமைச்சர் கையில் கொடுத்து, திரேசியா சேச்சியைத் தோளைப் பிடித்து இழுத்து அருகில் நிறுத்தி, படம் எடுக்கச் சொன்னார். நீங்கள் பார்க்கிற படம் அப்போது எடுத்தது.

அடுத்த வாரமே நான் உறைபனிப் பிரிவிலிருந்து கீழ்த்தளத்து விதைப் பொட்டலப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். பழிவாங்கல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், நிர்வாகக் காரணம் என்றார்கள். விழா முடிந்த மாலையே டிபன் கேரியரில் இருந்த தட்டுகளை இருட்டு அலமாரியில் திரும்ப வைத்து, போலீஸார் திருப்பிக் கொடுத்த குடைத்துணியை மாட்டி, தனியாக அடையாளமிட்டு வைத்திருந்தேன். மேலே இருந்த தோழிகள் பார்த்துக்கொண்டார்கள்.

விளக்கில் காட்டிய தட்டுகள் சில நாளில் ஓரத்திலிருந்து பழுப்பேற ஆரம்பித்தன. பிறகு முழுக்கக் கருத்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. டிபன் கேரியரில் இருந்தவையோ வெளுத்துச் சோகையாகக் கிடந்து, பிறகு ஒவ்வொன்றாக நுனி பருத்து, சுருட்டிய சின்ன இலையை விட்டன. எல்லாம் எழவில்லை. எழுந்தது போதுமானதாக இருந்தது. ஒரே நாளில் ஒரே டாங்கிலிருந்து எழுப்பியவை, வித்தியாசம் அந்த ஒரு முற்பகல் வெளிச்சம்தான். இரண்டு வகையையும் எடுத்துக்கொண்டு போய் டைரக்டர் மேசையில் வைத்தேன். இதைவிடத் தெளிவாக அவருக்கு வேறு எப்படிக் காட்டுவது என்று நினைத்தேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கருத்த தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு, நீராவியில் அவித்து அப்புறப்படுத்தச் சொன்னார். இலை விட்டவற்றை முன்னறையில் வைத்து, அமைச்சர் முன்னிலையில் காட்டப்பட்ட ஓருச்சேம்பு என்று எழுதி ஒட்டினார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். அன்று மேடையில் சொன்னது மெய்யாகிவிட்டது என்று செய்தி வந்தது. என் டிபன் கேரியர் காப்பாற்றியது அவருடைய வாய்ச்சொல்லுக்குச் சாட்சியாகிவிட்டது. அலுவலகத்தில் என்னைப் பார்த்தால், அன்னைக்கு வீணா பயமுறுத்திட்டீங்களே மேடம் என்று சிரித்தவர்களும் உண்டு. வெட்கங்கெட்டவர்கள்.

அது போகட்டும், என்னை யார் என்ன சொன்னால் என்ன. செய்தி வந்த அன்று திரேசியா சேச்சி போன் செய்தார்.

“டைரக்டர் சார் அன்னைக்கே ஜீவன் உண்டுன்னு சொன்னார். நீதான் வேண்டான்னே. டிப்பரைத் திருப்பி அனுப்பினதுக்கு மோன் அவளையும் கூட்டிக்கிட்டு ஏலூருக்கு வாடகை ரூமுக்குப் போயிட்டான். நிறைமாசக்காரி, அந்த நாத்தத்துல கிடக்கா. நான் உனக்கு என்ன செய்தேன் மோளே?”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. டைரக்டர் சொன்ன பொய் அந்தம்மாளுக்குச் சரியாகவும், நான் சொன்ன உண்மை அவருடைய பிள்ளையைப் பிரித்ததாகவும் ஆகிப்போனது. இதை இப்படியே விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோகிளேவுக்குப் போக இருந்த தட்டுகளில் ஒன்றை நான் எடுத்து வைத்திருந்தேன். தோழிகளிடம் கேட்டு, இலை விட்ட ஒன்றையும் வாங்கினேன். இரண்டையும் அதே டிபன் கேரியரில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போர்ட் கொச்சியில் ஜங்கார் படகேறி வைப்பினுக்குப் போனேன்.

திரேசியா சேச்சி உள்ளே வா என்று சொல்லவில்லை. சாயா வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் படியில் உட்கார்ந்து இரண்டு தட்டுகளையும் வெளியே எடுத்து வைத்தேன். கருத்ததைக் காட்டி இது விளக்கின் கீழே வைத்தது என்றேன். பச்சையைக் காட்டி இது என் சாப்பாட்டுப் பாத்திரத்தில் ஒளித்து வைத்தது என்றேன். போலீஸ்காரர் துணியை எடுத்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆக்சிஜன் என்றெல்லாம் சொல்லவில்லை. அடிபட்டு எழுந்ததை உடனே வெயிலில் நிறுத்தினால் தாங்காது, அவ்வளவுதான் என்றேன். நான் தெரியாது என்று சொன்ன நேரத்தில் நிஜமாகவே யாருக்கும் தெரியாது, எல்லாத் தட்டும் விளக்குக்குப் போயிருந்தால் எல்லாம் இப்படிக் கருத்திருக்கும், மண்ணும் விழுந்து, டாங்கில் மிச்சமிருப்பதும் எழாமல் போயிருந்தால் உலகத்தில் இது கிடையாது என்றேன்.

அவர் கருத்த தட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ மந்திரி கையில வச்சிருந்தது?”

“இதோட கூட்டம்தான் சேச்சி.”

அவர் வீட்டுக்குள்ளே, மாதா படத்துக்குப் பக்கத்தில், அதே புகைப்படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. டைரக்டர் அலுவலகத்திலிருந்து கொடுத்தனுப்பியது. திரேசியா சேச்சி எழுந்து போய் ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றினார். கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

“சவத்தைக் கையில பிடிச்சுக்கிட்டா இவ்வளவு சிரிப்பு?” என்றார். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

சாயா குடித்துக்கொண்டே நான் அந்த வார்த்தையைச் சொன்னேன், அவர் அத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. “இப்போ மண்ணு இறக்கிக்கோங்க சேச்சி.” அவர் அப்போதே மகனுக்குப் போன் போட்டார். அவன் உடனே வந்துவிடவில்லை. குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் ஏலூரில் சில மாதம் கிடந்த பிறகுதான் அறை முடிந்து வந்தார்கள். அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது? பொய் சொன்னவர் ஒரு நாள்கூட அந்த ரூமில் படுக்கவில்லை. ஓருச்சேம்பு இன்று உங்கள் டாங்கிலும் இருக்கிறது, அந்த அறைக்குப் பின்னால் ஒரு பழைய தெர்மோகோல் மீன் பெட்டியிலும் இருக்கிறது. பெட்டியில் வைத்தது திரேசியா சேச்சி. பன்னிக்குத்தான் என்கிறார்.

உங்களிடமும் யாராவது வந்து கேட்பார்கள். வீட்டில் ஒரு முடிவை நிறுத்தி வைத்துவிட்டு, உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்காக நிற்பவர்கள். அவர்களிடம் நிறத்தைப் பார்த்து உயிரைப் பற்றிப் பேசாதீர்கள். தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லுங்கள், யார் பக்கத்தில் நின்றாலும். அதற்குப் பாராட்டு கிடைக்காது, இருக்கிற வேலையும் மாறும். கேட்டவரே உங்களைத் திட்டுவார். திட்டட்டும்.

இனி முன்னறைப் படத்தை நன்றாகப் பாருங்கள். திரேசியா சேச்சி ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது தெரியும். தெரியாது என்று நான் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிடம்கூட ஆகாத முகம் அது. அடுத்த முறை உங்களை அங்கே நிறுத்தி யாராவது பெருமை பேசினால், அமைச்சர் கையில் இருக்கும் அந்தத் தட்டு பிறகு என்னவாயிற்று என்று அவரிடம் கேளுங்கள்.